கொய்யாவுக்குப் பொறிவண்டா, கண்ணாடி இறக்கைப் பூச்சியா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு ஏக்கரில் கொய்யாவும், அதை ஒட்டி அரை ஏக்கரில் மிளகாயும் வைத்திருக்கிறேன். கொய்யாவில் மாவுப்பூச்சி, மிளகாயில் அசுவினி. பொறிவண்டு, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி இவற்றில் எதை வாங்கி விட்டால் இரண்டு பயிருக்கும் போதும்?

பதில்: ஒன்றை மட்டும் வாங்கி இரண்டையும் காப்பது கடினம். இரண்டும் இரை விழுங்கிகள்தாம். ஆனால் பிழைப்பு வேறு.

கொய்யாவுக்கு ஏற்றது கிரிப்டோலீமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு. காப்பித் தோட்டத்துப் பூச்சிகளை ஒழிப்பதற்காக 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வண்டு, மாவுப்பூச்சியின் பஞ்சுபோன்ற முட்டைப் பொதியிலேயே தன் முட்டையையும் இட்டு, புழுப் பருவத்திலும் வண்டுப் பருவத்திலும் மாவுப்பூச்சியையே தின்று வாழ்கிறது. மரத்துக்கு 10 முதல் 20 வண்டுகள் விடலாம். விட்ட சில வாரங்களில் 'மாவுப்பூச்சி பெருத்துவிட்டது' என்று மருந்து அடித்துவிடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் கண்டது பெரும்பாலும் இவ்வண்டின் புழுவையே. அதன் உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்குவதால் மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள்: மாவுப்பூச்சி பெரும்பாலும் இடம்விட்டு அசையாது, புழுவோ விறுவிறுவென்று ஓடும், வளர்ந்த புழு மாவுப்பூச்சியைவிட மூன்று மடங்கு நீளமும் இருக்கும்.

மிளகாய் அசுவினிக்குக் கண்ணாடி இறக்கைப் பூச்சியை விடுங்கள். இதில் வேட்டையாடுவது புழு மட்டுமே. தாய்ப்பூச்சி தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழ்வது. புழு தன் அரிவாள் போன்ற தாடைகளை அசுவினியின் உடலில் செருகி, செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிட்டு வெறும் தோலை விட்டுச்செல்லும். பசித்தால் உடன்பிறந்ததையும் விடாது; இலையில் மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் முட்டைகள் தனித்தனியே நிற்பது அதனால்தான் என்பர். அக்காம்புகளைப் பூசணம் என்று நினைத்து இலையைக் கிள்ளிவிடாதீர்கள். வரப்பில் கொஞ்சம் கொத்தமல்லியைப் பூக்க விட்டால் தாய்ப்பூச்சி தோட்டத்திலேயே தங்கும். மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுகளை இப்புழுவும் தின்னும் என்றாலும், மெழுகு மூடிய கூட்டத்தை ஒழிக்க இதை நம்புவது வீண் என்பது என் கருத்து.

வண்டை விடுமுன் எறும்பைத் தடுத்தாக வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும் ஆதலால், அடிமரத்தில் கிரீஸ் பட்டை கட்டி, தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்துவிடுங்கள். இப்பூச்சிகள் கிடைக்கும் இடத்தை எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். கடைசியாக மருந்து அடித்து இரண்டு மூன்று வாரமாவது கழிந்த பின், வெயில் தாழ்ந்த மாலையில் விடுங்கள்.