திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து: ஒரே கதை ஏன் இரண்டு முறை?

கதை ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதமான வில்லிபாரதப் பாடலை ராகத்தோடு பாடி, எளிய பேச்சில் பொருள் சொல்வார். தர்மன் ஏன் சூதாடினான் போன்ற நியாயமெல்லாம் அங்கேதான் விளங்கும். தீமிதி பார்க்க மட்டும் போகிறவர்கள் இதைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்தக் கதையை இரவில் தெருக்கூத்து விடிய விடிய ஆடிக் காட்டும்.

அப்புறம், சில நாட்களில் கதை மேடையை விட்டே இறங்கிவிடும். அர்ஜுனன் தவமிருக்கும் கட்டமான தபசன்று அவன் வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான மரத்தில் ஏறி, மேலிருந்து எலுமிச்சை, விபூதி வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். போரின் முடிவைக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.