நிதி எங்கே, விருது எங்கே? மலையூர் இளைஞர் குழுக்களுக்கான கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் இளைஞர் குழுக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலை. நீலகிரியிலும் சரி, பழனி மலையிலும் சரி, ஊருக்காக ஓடுகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள்தான் குறைவு. அந்த வருத்தத்தில்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்து எழுதியிருக்கிறேன். கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

கோத்தகிரி, கல்லூரி மாணவி: அக்கா, நாங்க ஒன்பது பேர் சேர்ந்து சனி ஞாயிறுல கோடநாடு காட்சிமுனைக்குப் போற ரோட்டுல பிளாஸ்டிக் பொறுக்குறோம். சங்கமெல்லாம் பதிவு பண்ணல. எங்களுக்கு ஏதாவது நிதி கிடைக்குமா?

பதிவில்லாத குழுவுக்கு யாரும் நிதி தரமாட்டார்கள்மா. காசோலை எழுத ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், உங்களிடம் ஆள் இருக்கிறது. ஆனாலும் இப்போதே பதிவுக்கு ஓட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பதிவு செய்தால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவைத் தணிக்கை செய்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். படிப்பு முடிந்து நீங்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று யோசியுங்கள்.

முதல் ஒரு வருடம் வேறொரு அமைப்பின் நிழலில் வேலை செய்யுங்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட் இருக்கிறது. நேரு யுவ கேந்திராவாக இருந்து இப்போது மை பாரத் என்று இயங்கும் அமைப்பின் மாவட்ட அலுவலகம் உதகையில் இருக்கிறது. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் அதில் சேரலாம், இளைஞர் மன்றமாகவும் இணையலாம்.

உங்களுக்கு இப்போது வேண்டியது என்ன? கையுறை, சாக்கு, டெம்போ வாடகை. இதற்கு டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை. வியாபாரிகள் சங்கத்திடமும் ஊராட்சியிடமும் போய்க் கேளுங்கள். பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள், சீக்கிரம் கிடைக்கும்.

உங்கள் கல்லூரிக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழக அரசின் மஞ்சப்பை விருது பள்ளி, கல்லூரி, வணிக வளாகங்களுக்கானது. முதல் பரிசு 10 லட்சம், அடுத்தது 5 லட்சம், மூன்றாவது 3 லட்சம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை வளாகத்தை விட்டே விரட்டிய நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். 2000-லேயே பிளாஸ்டிக் தடை வந்த மாவட்டம் நம்முடையது. பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் தண்ணீர் பாட்டிலும் அதற்குள் வந்தது. இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்று அந்த மேடையில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரி முதல்வரிடம் போய்ப் பேசுங்கள். தனிநபரும் அமைப்பும் விண்ணப்பிக்கக்கூடிய பசுமை முதன்மையாளர் விருதும் உண்டு, ஒரு லட்சம் ரூபாய். அதற்கு முன் ஒவ்வொரு வாரமும் எத்தனை சாக்கு, என்ன எடை, எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்று இன்றிலிருந்தே எழுதி வையுங்கள்.

கூடலூர், 26 வயது: பணியர் பழங்குடிப் பிள்ளைகளுக்கு மூணு வருஷமா சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். முதலமைச்சர் இளைஞர் விருதுக்கு நான் போடலாமா?

தாராளமாகப் போடுங்கள் தம்பி. முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு வயது 15 முதல் 35. தமிழ்நாட்டில் குறைந்தது ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும். ஆண்களில் மூவர், பெண்களில் மூவர். ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், பாராட்டுப் பத்திரம், சுதந்திர தினத்தன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய, மாநில அரசு, பொதுத்துறை, பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் எங்காவது தற்காலிக ஆசிரியராக இருந்தால் முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. முந்தைய நிதியாண்டில், அதாவது ஏப்ரலிலிருந்து மார்ச் வரை செய்த தொண்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்தத் தொண்டு கண்டறியக்கூடியதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே சொல்கிறார்கள். மூன்று வருட உழைப்பையும் ஒரே பத்தியில் கொட்டிவிட்டு, அந்த ஒரு வருடத்துக்கு ஆதாரம் வைக்காமல் விட்டால் விண்ணப்பம் நிற்காது.

"பழங்குடி மாணவர்களின் கல்விக்காகத் தன்னலமின்றிச் சேவையாற்றி வருகிறேன்" என்று எழுதாதீர்கள். "ஜூன் முதல் மார்ச் வரை, வாரம் ஐந்து நாள், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, இந்தப் பாடியில் (பணியர் குடியிருப்பில்) இத்தனை பிள்ளைகள், பள்ளியை விட்டு நின்றவர்களில் இத்தனை பேர் திரும்பச் சேர்ந்தார்கள்" என்று எழுதுங்கள். அதற்குத் துணையாக வருகைப் பதிவேடு, திரும்பச் சேர்ந்த பிள்ளைகள் பற்றித் தலைமையாசிரியர் தரும் கடிதம், பாடியின் பெரியவர்கள் கையெழுத்திட்ட ஒரு தாள், இவ்வளவும் இருந்தால் போதும். பெருமழையில் வகுப்பு நடக்காத நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். கூடலூர் மழை எப்படிப் பெய்யும் என்று நமக்குத் தெரியும், சென்னையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குத் தெரியாது. எல்லா நாளும் நடந்ததாகக் காட்டுகிற பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

இதை மட்டும் அக்கா தம்பியிடம் சொல்வதுபோல் சொல்கிறேன். பிள்ளைகளின் படத்தை ஒட்டுவதற்கு முன் பெற்றோரைக் கேளுங்கள். கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளையை நிற்க வைத்து எடுத்த படம் வேண்டாம். படிக்கிற பிள்ளை, எழுதிய நோட்டு, கரும்பலகை, இவைதான் உங்கள் வேலையைக் காட்டும். விண்ணப்பத்தைப் பாடியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. அவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மத்திய அரசின் தேசிய இளைஞர் விருதுக்கும் உங்கள் வயது பொருந்தும். அதற்கு 15 முதல் 29 வரை. தனிநபருக்கு ஒரு லட்சம், அமைப்புக்கு மூன்று லட்சம். குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் மாவட்ட ஆட்சியர் தரும் பாராட்டுச் சான்றிதழையும் சிறிதாக நினைக்க வேண்டாம். மேலே போகிற விண்ணப்பத்துக்கு அது நல்ல துணை.

பண்ணைக்காடு, ஒரு தாய்: என் மகளுக்கு 14 வயசு. கூடப் படிக்கிற பொண்ணுக்குக் கல்யாணம் பேசுறாங்கன்னு தெரிஞ்சு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணி நிறுத்திட்டா. இதுக்கு விருது ஏதும் இருக்கா?

முதலில் உங்கள் மகளுக்கு என் வணக்கம். பதினான்கு வயதில் அந்தப் போனை எடுக்கப் பெரிய துணிச்சல் வேண்டும்.

இருக்கிறது. ஜனவரி 24, தேசியப் பெண் குழந்தைகள் தினத்தையொட்டி, பெண் குழந்தை முன்னேற்றத்துக்கான மாநில விருதைத் தமிழக அரசு தருகிறது. 18 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்கானது. குழந்தைத் திருமணத்தைத் தடுத்தல், குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கப் பாடுபடுதல் போன்றவற்றுக்கென்றே உள்ளது. ஒரு லட்சம் ரூபாயும் பாராட்டுப் பத்திரமும் தருகிறார்கள். திண்டுக்கல்லில் உள்ள மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுகுங்கள். மத்திய அரசின் பிரதம மந்திரி ராஷ்ட்ரிய பால் புரஸ்கார் என்ற குழந்தைகளுக்கான தேசிய விருதுக்கும் அனுப்பலாம், 5 முதல் 18 வயது வரை. வீரம், சமூக சேவை, சுற்றுச்சூழல் என்று பிரிவுகள் உண்டு. ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற தேசிய விருதுகள் தளத்தில் யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம்.

ஆனால் விண்ணப்பத்தில் கை வைக்கும் முன் இரண்டு பெண் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றப்பட்ட பிள்ளையின் பெயர், தெரு, குடும்பம், படம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. உங்கள் மகள் பெயர் செய்தித்தாளில் வந்தால் ஊரில் அவளுக்கு என்ன பேச்சு வரும் என்றும் யோசியுங்கள். சின்ன ஊர், அதே பள்ளி, அதே பஸ். அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

குன்னூர், இளைஞர்: "தேசிய அளவிலான சிறந்த இளைஞர் விருதுக்குத் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்"னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. கட்டலாமா?

கட்டாதீர்கள். நான் மேலே சொன்ன விருதுகளில் எதற்கும் பணம் வாங்குவதில்லை. காசு கொடுத்து வாங்கும் கேடயத்தையும் கௌரவ டாக்டர் பட்டத்தையும் விண்ணப்பத்தில் சேர்த்தால், உண்மையாக உழைத்ததன் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

கொடைக்கானல், வட்டக்கானல் பக்கம்: எங்க நூலகத்தைப் பார்த்த ஜெர்மன்காரர் ஒருத்தர் ஊருக்குப் போய் யூரோ அனுப்புறேன்னு சொல்றார். வாங்கலாமா?

நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 இருக்கிறது. அதன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. அவர் இங்கேயே நின்று ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். கொடைக்கானலில் பலருக்கு இது தெரிவதில்லை.

"பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி எங்களுக்குத் தரட்டுமே" என்று அடுத்துக் கேட்பீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது. வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. அந்த அமைப்பே தன் திட்டமாக உங்கள் ஊரில் நூலகம் நடத்தி, செலவைத் தானே செய்தால் அது வேறு. நீங்களே பதிவு பெறலாம் என்றால், பொதுவாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், பிறந்தது பூம்பாறையாகவே இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான்.

மஞ்சூர், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன்: கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குற சி.எஸ்.ஆர். பணம் எங்க விளையாட்டுக் குழுவுக்குக் கிடைக்குமா?

நேரடியாகக் கிடைப்பது கடினம். கம்பெனிச் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றையாவது தொட்ட கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் கம்பெனிச் சட்டத்திலேயே வராதவை. கம்பெனி தன் பணத்தை வெளி அமைப்பு மூலம் செலவிட்டால், அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி வருமானவரிப் பதிவும், மூன்று ஆண்டு அனுபவமும், சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவும் கேட்பார்கள். ஆகவே அந்தத் தகுதியெல்லாம் உள்ள உள்ளூர் அமைப்பு ஒன்றிடம், "களப்பணியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சேர்ந்துகொள்ளுங்கள். மைதானத்தைச் சீரமைப்பதுதான் தேவை என்றால் நமக்கு நாமே திட்டம் பற்றி வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும்.

உதகை, இளைஞர் மன்றச் செயலர்: விண்ணப்பத்துல பட்ஜெட் எழுதும்போதுதான் தடுமாறுறோம்.

சமவெளியில் தயாரான பட்ஜெட்டை அப்படியே எடுத்துப் போடுவதுதான் சிக்கல். நமக்குப் பெரிய செலவு வண்டி வாடகை. ஒரு ஊரிலிருந்து பிள்ளைகளை ஏற்றி இன்னொரு ஊரில் இறக்க எவ்வளவு ஆகும் என்று ஜீப்காரரிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். "போக்குவரத்து: உத்தேசமாக" என்று எழுதினால் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். மழை மாதங்களையும் பார்த்து வையுங்கள். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளியே முகாம் போடக் கூடாது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில் மண்சரிவு பயம். ஏப்ரல், மே மாதம் சீசன், அறை வாடகையும் வண்டி வாடகையும் ஏறிவிடும். இதையெல்லாம் காரணத்தோடு எழுதுங்கள். இந்த ஊரைத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கிறவருக்குப் புரியும்.

உங்கள் பங்கையும் காட்டுங்கள். தன்னார்வலர்களின் உழைப்பு மணிநேரம், சமுதாயக்கூடம் இலவசமாகக் கிடைத்தது, ஊர்க்காரர்கள் போட்ட சாப்பாடு எல்லாம் பங்குதான். பணம் வந்த அன்றே தனிக் கோப்பு ஒன்று போட்டு ஒவ்வொரு பில்லையும் அதில் ஒட்டிவிடுங்கள். பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று கொடுக்காத குழுவுக்கு இரண்டாவது தவணை வராது, அடுத்த வருடமும் வராது.

கூக்கால், 17 வயது: அக்கா, எனக்கு இங்கிலீஷ் வராது. இதெல்லாம் எனக்குச் சரிப்படுமா?

சரிப்படும்பா. மாநில அரசு விருதுகளுக்குத் தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் கேட்கும் இடத்துக்கும் முதலில் முழுவதையும் தமிழில் எழுது. எங்கே, எப்போது, யாரோடு, என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது என்று உன் ஊர்ப் பேச்சிலேயே எழுது. பிறகு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து மாற்றி வாங்கு. அவர் மாற்றியதை உனக்குத் தமிழில் திரும்பச் சொல்லச் சொல். நீ செய்யாத ஒன்றை அழகுக்காகச் சேர்த்திருந்தால் அடித்துவிடச் சொல். நேர்காணல் வைத்தால் பதில் சொல்லப்போவது நீதான்.

உன் வயதுக்கு மை பாரத் தளத்தில் இப்போதே பதிவு செய்யலாம். பால் புரஸ்காருக்கு இன்னும் சில மாதம் உனக்கு வயது இருக்கிறது, பெரும்பாலும் ஜூலை இறுதிக்குள் கேட்பார்கள். பிறந்த தேதிச் சான்றையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார், எழுத்தோ தேதியோ மாறியிருந்தால் இந்த மாதமே திருத்து. அதற்குக் கொடைக்கானல் போய்வர ஒரு நாள் ஆகும், கடைசி வாரத்தில் போய் வரிசையில் நிற்காதே.