லென்ஸில் கீறல்: நோட்டீஸுக்கு முன்னால் ஒரு வார்த்தை

ஈரோடு வாசகர் ஒருவரின் கேள்வி: கடையில் 72,000 ரூபாய்க்குப் புது லென்ஸ் வாங்கினேன். வீட்டில் பிரித்தால் பேரலில் (லென்ஸின் வெளிக்குழலில்) ஒரு கீறல், கண்ணாடிக்கு உள்ளே இரண்டு தூசுப் புள்ளி. மறுநாளே போய்க் காட்டினேன். கடைக்காரர் "படம் நல்லாத்தானே வருது" என்று நாலு பேர் முன்னால் சிரித்து அனுப்பிவிட்டார். நான் கல்யாண போட்டோகிராபர். அதன்பின் இரண்டு முகூர்த்தம் இதில்தான் எடுத்தேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. 5 லட்சம் கேட்டு நோட்டீஸ் விடலாமா?

கடைக்காரர் சிரித்ததை விடுங்கள், அதற்கு 5 லட்சம் யாரும் தரமாட்டார்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: கீறலைப் பார்த்த பிறகும் இரண்டு முகூர்த்தம் எடுத்திருக்கிறீர்கள். வேண்டாம் என்று நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். கவுன்டரில் வாயால் சொன்னதற்குச் சாட்சி யார்? ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாகக் குறைக்கான இழப்பீடுதான், முழுப் பணம் இல்லை.

நோட்டீஸில்தான் பெரிய கண்ணி. தொகை கனமாகத் தெரியட்டும் என்று "ஆர்டர் போச்சு, தொழில் நஷ்டம்" என்று எழுதச் சொல்லாத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதையேதான் தூக்கிக் காட்டுவார்: இவரே வணிகத்துக்கு வாங்கியதாகச் சொல்கிறார், 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7)ஆம் பிரிவின்படி இவர் நுகர்வோரே இல்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கினேன் என்று அதே பிரிவின் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு தப்பலாம்தான், ஆனால் ஆள் வைத்து ஸ்டூடியோ நடத்திக்கொண்டு, பில்லில் ஜிஎஸ்டி எண்ணையும் போட்டு வரிச் சலுகை எடுத்திருந்தால் அந்த வாதம் நிற்பது கஷ்டம். நஷ்டக் கணக்கைப் பெருக்கப் பெருக்க வழக்கு நுகர்வோர் ஆணையத்தின் வாசலைத் தாண்டாது. தாண்டினாலும் குறை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் கட்டணம் கட்டுவதும் நீங்கள்தான், லென்ஸும் கைவிட்டுப் போயிருக்கும். உள்ளே ஒன்றிரண்டு தூசு படத்தைக் கெடுக்காது என்று அறிக்கை வந்தால், அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். பெட்டியிலும் லென்ஸிலும் சீரியல் எண் ஒன்றா? வாரண்டி ஏற்கெனவே வேறு பெயரில் பதிவாகியிருக்கிறதா? அப்படியிருந்தால் கதையே வேறு. பழசைப் புதிதென்று விற்பது அதே நுகர்வோர் சட்டத்தின் 2(47)இல் வரும் நேர்மையற்ற வணிகம், அதற்கு நானே நோட்டீஸ் எழுதுவேன்.

இல்லையென்றால் சமரசம்தான். மாற்றித் தா, இல்லை இவ்வளவு குறைத்துத் தா என்று கீறலின் படத்தோடு கடைக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். மூவாயிரமோ நாலாயிரமோ தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வருமுன் "முழுத் திருப்தி" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாரண்டியை விட்டுக்கொடுப்பதாக அதில் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தூசு தட்ட ஊர் மெக்கானிக்கிடம் லென்ஸைக் கழற்றக் கொடுக்கவே வேண்டாம், கடைக்காரர் அதற்காகத்தான் காத்திருப்பார். புகாருக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு இல்லை, அது இன்றைக்கே போகட்டும்.