43 வயதில் ராணுவத்துக்குப் பெயர் கொடுக்கலாமா? ரீயூனியனிலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு 43 வயது. காரைக்காலிலிருந்து குடும்பத்தோடு இங்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேந்த் மரி ஊருக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை அப்பா வழியில் வந்தது, அப்பா ஓய்வுபெற்ற சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரர். நீங்கள் ஏசி மெக்கானிக். "இந்த வயதில் தன்னார்வமாக ராணுவத்துக்குப் பெயர் கொடுத்தால் எடுப்பார்களா? நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுப்பார்கள், ஆனால் ரிசர்வில் மட்டும்தான், அதாவது வேறு வேலையில் இருந்துகொண்டே கூப்பிடுகிற நாட்களில் மட்டும் போகிற பகுதிநேரப் படையில். நானும் நாற்பதைத் தாண்டித்தான் பெயர் கொடுத்தேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் உங்கள் அப்பா போன ராணுவம் வேறு, உங்களுக்குத் திறந்திருக்கிற கதவு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம்.

நம் ஊரில் சொல்தா வீடு என்றால் அது ஒரு அந்தஸ்து. மாசம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரை நினைவுச் சின்னத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்கிற தாத்தாக்கள், அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெண் கொடுக்க வரிசை. அந்தப் பென்ஷனுக்குப் பின்னால் இளமையில் தொடங்கிய முழுநேரச் சேவை இருந்தது. இன்றைய விதிப்படி சிப்பாயாக இருந்தவர் வேலையை விட்டதும் பென்ஷன் வாங்க 17 வருஷம் சேவை வேண்டும். முழுநேரச் சிப்பாயாகச் சேரும் வயது முப்பதுகளின் தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டவரும் சேரக்கூடிய பிரெஞ்சு அந்நியப் படையான லெஜியோனுக்கு 39 வயது ஆறு மாசம்தான் எல்லை, அதற்கும் பிரான்சுக்கு நேரில் போய்த்தான் கதவைத் தட்ட வேண்டும். இங்கே ஊர்ப் பிள்ளைகள் எர்எஸ்எம்ஆ என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது 18 முதல் 25 வயதுப் பிள்ளைகளுக்குச் சீருடை போட்டுத் தொழில் கற்றுக்கொடுக்கிற படைப்பிரிவு. உங்கள் மகனுக்கு வேண்டுமானால் பின்னால் உதவும்.

மிச்சம் இருப்பது ரிசர்வ். 2023 ஆகஸ்டில் வந்த ராணுவத் திட்டச் சட்டம் ரிசர்வ் வயது எல்லையை 70 ஆக்கியது, மருத்துவர் போன்ற நிபுணர்களுக்கு 72. 2030க்குள் 80,000 ரிசர்வ் ஆட்கள் வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதனால் நரைத்த தலையோடு போய் நின்றால் இப்போது யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் ஒரு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை. கூப்பிடுகிற நாட்களுக்கு மட்டும் உங்கள் படிநிலைக்கு ஏற்ற சம்பளம் வரும், அதற்கு வருமான வரி கிடையாது. அதை நம்பி வீட்டுக் கடன் போட்டுவிடாதீர்கள். போன வருஷம் நிறையக் கூப்பிட்டார்கள் என்பதற்காக இந்த வருஷமும் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

முதலாளி விஷயம் இருக்கிறது. வருஷத்துக்கு 10 வேலை நாட்கள் வரை ரிசர்வுக்குப் போவது உங்கள் உரிமை, ஒரு மாசம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் போனால் அவர் சம்மதம் தேவை. சின்ன நிறுவனமாக இருந்தால் 5 நாளாகக் குறைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. வந்து ஒரு வருஷம்கூட ஆகாத வேலையில் சட்டத்தைக் காட்டிப் பேசுவதைவிட, ஒரு காப்பியைக் குடித்துக்கொண்டே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? முதலில் மருத்துவப் பரிசோதனை. தோள், கால், பொது உடல்நிலை, கண் பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, மனநிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போடுவார்கள். அந்த எண்களை வைத்துத்தான் உங்களை எந்த வேலைக்கு வைக்கலாம் என்று முடிவாகும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மறைக்க வேண்டாம். இந்தத் தீவில் பாதி வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, டாக்டர்களுக்கு இது புதிதில்லை. மறைத்துவிட்டு வெயிலில் மயங்கி விழுந்தால்தான் வம்பு.

அப்புறம் இரண்டு வாரம் போல அடிப்படைப் பயிற்சி. ஓட்டச் சோதனையில் 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடு. பீப் சத்தம் வருவதற்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும், நேரம் போகப் போகப் பீப் நெருங்கி வரும். முதல் சில சுற்று பேசிக்கொண்டே ஓடலாம். அதற்குப் பிறகு பக்கத்தில் ஓடுகிற இருபது வயசுப் பையனின் காலணிச் சத்தம் முன்னால் போய்விடும், நம் மூச்சுச் சத்தம் மட்டும் நமக்குக் கேட்கும். என்னை மிரட்டியது மூச்சைவிட முழங்கால்தான். ஓடி வந்து சட்டென்று திரும்புகிற அந்த ஒரு அசைவுக்கு நாற்பது தாண்டிய முட்டி பழகவே இல்லை. பெயர் கொடுப்பதற்கு முன்னாலேயே சேந்த் மரி கடற்கரையோரப் பாதையில் சாயங்காலம் நடக்க ஆரம்பியுங்கள். நேராக ஓடிப் பழகினால் மட்டும் போதாது, திரும்பியும் பழகுங்கள்.

பயிற்சி கொடுத்த சார்ஜென்ட் இந்தத் தீவின் சேன் பெனுவா ஊர்ப் பெண், என் மூத்த மகளைவிடச் சின்னவள். கட்டளை போடும்போது குரல் கிழியும். சாப்பாட்டு வரிசையில் மட்டும் என்னைத் தீவு மொழியான கிரியோலில் "தோன்தோன்" என்பாள், நம் ஊரில் மாமா என்கிற மாதிரி. மகள் வயசுப் பெண் அதட்டினால் உடனே முகம் சுருங்குகிற ஆளாக இருந்தால் இந்த வேலை சரிப்படாது. உண்மையாகச் சொல்கிறேன், பாதியில் விட்டுப்போன பெரியவர்களுக்கு உடம்பு ஒரு காரணமே இல்லை.

பயிற்சிக்குப் பிறகு கிடைக்கிற வேலை சினிமாவில் வருவது மாதிரி இருக்காது. வாயிற்காவல், வண்டிச் சாவிக் கணக்கு, இரவு ரோந்து, விழா நாட்களில் நிற்பது. 2025 பிப்ரவரி 28 கரான்ஸ் புயல் அடித்தது, நீங்கள் அப்போது இன்னும் வரவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள், வடக்கும் கிழக்கும் சின்னாபின்னம். மறுநாளிலிருந்து மரம் அறுத்து வழி விடுவதும் தண்ணீர்ப் பாட்டில் இறக்குவதும்தான் வேலை. அங்கே துப்பாக்கிக்கு என்ன வேலை? ஜெனரேட்டரைக் கிளப்பத் தெரிந்தவனை எல்லோரும் தேடினார்கள். ஏசி மெக்கானிக்கான உங்களுக்கு இதைச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் உங்கள் தொழிலையும் சான்றிதழ்களையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நாற்பது தாண்டியவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது கைத்தொழிலும் நிதானமும்.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காவடிக்கு விரதம் இருக்கிற நாட்களில் கூப்பிட்டால் முன்னாலேயே சொல்லிவிடலாம். சோறும் பீன்ஸ் குழம்பும் கிடைக்கும். இந்தத் தீவில் மல்பார் (தமிழ் வம்சாவளியினர்) விரதம் என்றால் காஃப் (ஆப்பிரிக்க வம்சாவளியினர்), யாப் (மலைப்பக்கத்து வெள்ளையர்), சராப் (குஜராத்தி முஸ்லிம்கள்) எல்லோருக்கும் தெரியும், விளக்கவே வேண்டாம். நாம் பாண்டிச்சேரிக்காரர்கள் நமக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. எனக்கு மலைப்பக்கத்து யாப் நண்பர்கள் கிடைத்தது ரிசர்வில்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உங்களிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் அட்டை) இருக்கிறது, காரைக்காலில் வீடும் நிலமும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கொடுப்பதில்லை என்பது இந்திய அரசின் விதி. உங்கள் அப்பா அட்டை இல்லாமல் விசா, பதிவு என்று அலைந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வருஷத்தில் சில வாரம் சீருடை போடுகிற ரிசர்வ்காரரை அந்த விதியில் எங்கே வைப்பார்கள் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். யார் பேச்சையும் நம்ப வேண்டாம். தீவின் தலைநகரான சேன் தெனியில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. உங்கள் நிலைமையைத் தெளிவாக எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். என் கதை வேறு. ஊரில் எனக்கு ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது, ஓசிஐக்கு நான் போகவே இல்லை. அதனால் நான் சேர்ந்தேன் என்பதை மட்டும் பார்த்து நீங்கள் சேரக் கூடாது. உங்கள் அம்மா காரைக்காலில் தனியாக இருக்கும்போது, நினைத்த நேரத்தில் விமானம் ஏறுகிற வசதியைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதில் சாதகமாக வந்தால் தாராளமாகப் போங்கள்.

போர் வந்தால் என்ன என்று உங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள் என்றீர்கள். 2025 நவம்பரில் பிரெஞ்சு முப்படைத் தலைமைத் தளபதி மாந்தோன், பிள்ளைகளை இழக்கவும் நாடு தயாராக இருக்க வேண்டும் என்ற பொருளில் மேயர்கள் முன்னால் பேசினார். அன்றைக்கு என் வீட்டிலும் இதே பேச்சுதான். வெளிநாட்டுப் பணிக்கு நாமாக முன்வந்தால்தான் ரிசர்வ்காரர்களை வழக்கமாக அனுப்புகிறார்கள். ஆனால் நாடே பெரும் நெருக்கடியில் மாட்டினால் ஒப்பந்தத்தில் இருப்பவரை முதலில் கூப்பிடுவார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த நாளில் போகத் தயாரில்லை என்றால் இப்போதே விலகி நில்லுங்கள். என் மனைவியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "என் வயசுக்காரனைக் கூப்பிடுகிற நிலைமை வந்தால், நம் பிள்ளைகளை அதற்கு முன்பே கூப்பிட்டிருப்பார்கள்." அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

மகனைப் பற்றியும் ஒரு வரி. அதே 2025 நவம்பரில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்த 10 மாசத் தன்னார்வ ராணுவச் சேவை முக்கியமாக 18, 19 வயதுப் பிள்ளைகளுக்கு, 2026 கோடையிலிருந்து, பிரெஞ்சு மண்ணுக்குள் மட்டும். கட்டாயம் கிடையாது. அவன் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஓசிஐ பதில் பாதகமாக வந்தாலும் கை கட்டி உட்கார வேண்டியதில்லை. தன்னார்வத் தீயணைப்பு வீரராகப் போகலாம், அது ராணுவம் இல்லை. அல்லது உங்கள் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஊராட்சி ரிசர்வ் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புயல், வெள்ளக் காலத்தில் மேயருக்குக் கீழே வேலை செய்கிற தன்னார்வக் குழு அது. இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கும் உங்கள் வீட்டம்மாவும் அதில் பெயர் கொடுக்கலாம்.

விண்ணப்பிப்பதற்குச் சேன் தெனியில் சிர்ஃபா என்கிற ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ், சின்ன வயதில் பாண்டி பிரெஞ்சுக் கான்சுலேட்டில் பாதுகாப்பு நாள் (பிரெஞ்சு இளைஞர்களுக்கு நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற ஒரு நாள்) முடித்த தாள் இருந்தால் அதுவும், தடுப்பூசிப் புத்தகம், கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு தாள் குறைந்தாலும் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், சேந்த் மரியிலிருந்து காலை நெரிசலில் அந்தச் சாலையில் இரண்டு தரம் போய் வர உங்களுக்குப் பொறுமை இருக்காது.