கரிம வரி 80 விழுக்காடு ஏறினால் மின்கட்டணமும் அப்படியே ஏறுமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்களுக்கு. மாதம் 400 யூனிட் மின்சாரம் ஓடும். சந்தைக்குப் பக்கத்தில் மின்சாரத் திட்டம் விற்க மேசை போட்டிருந்த ஒருவர், "கரிம வரி 80 விழுக்காடு ஏறிவிட்டது, உங்கள் பில்லும் ஏறப்போகிறது, இரண்டு வருட நிலையான விலைத் திட்டத்தில் உடனே சேருங்கள்" என்கிறார். அவர் நிறுவனத்துக்கு மாறினால், பில்லில் அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி போய்விடுமா? அண்ணனின் மளிகைக் கடைக்கும் சேர்த்தே போட்டுத் தருகிறாராம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: அந்த மேசையில் வைத்துப் போடாதீர்கள். அவர் சொன்ன 80 விழுக்காடு பொய்யில்லை. ஆனால் அது வரியின் ஏற்றம், உங்கள் பில்லின் ஏற்றம் அல்ல.

கரிம வரி என்பது வெளியேற்றும் கரியமில வாயுவுக்குப் போடும் வரி. ஒரு டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்தது, 2026 முதல் 45 வெள்ளி. அதைக் கட்டுவது நீங்கள் இல்லை, மின்நிலையம் போன்ற பெரிய ஆலைகள். மின்நிலையம் அதை விலையில் ஏற்றி நமக்கு அனுப்புகிறது. இங்கே ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு யூனிட்டில் இந்த வரியின் பங்கு முன்பு 1 காசு, இப்போது 1.8 காசு. வித்தியாசம் 0.8 காசு. உங்கள் 400 யூனிட்டுக்கு 3 வெள்ளி 20 காசு, பொருள் சேவை வரியோடு மூன்றரை வெள்ளி. அவ்வளவுதான். 2030க்குள் வரி 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்று அரசாங்கம் முன்பே சொல்லியிருக்கிறது. 80 ஆனாலும், இன்றைய பில்லோடு இன்னும் ஆறு வெள்ளிதான் கூடும்.

இந்த எளிய கணக்கை பில்லிலேயே ஒரு வரியாக அச்சடித்தால் மேசைக்காரர்களுக்குப் பிழைப்பே இருக்காது. வீட்டு பில்லில் கரிம வரி தனியாகத் தெரிவதில்லை, யூனிட் விலைக்குள் கரைந்துவிடுகிறது. எத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன்! தள்ளுபடியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள்.

உங்கள் பில்லை உண்மையில் ஆட்டிப்படைப்பது இயற்கை எரிவாயு. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு அதிலிருந்துதான் வருகிறது, அத்தனையும் இறக்குமதி. அதனால்தான் 2020ல் ஒரு கட்டத்தில் யூனிட் 20 காசுக்கும் கீழே இருந்த கட்டணம் 2022ல் 30 காசைத் தாண்டியது. நிலையான விலைத் திட்டம் என்பது எரிவாயு விலைமீது நீங்கள் கட்டும் பந்தயம். விலை இறங்கினாலும் நீங்கள் பழைய விலைதான் கட்ட வேண்டும், நடுவில் விலகினால் அபராதம். 2021 இறுதியில் எரிவாயு விலை எகிறியபோது, வீடுகளுக்கு மின்சாரம் விற்ற பல சில்லறை நிறுவனங்கள் தொழிலை விட்டே போயின. வாடிக்கையாளர்கள், வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு மின்சாரம் தரும் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். விளக்கு அணையவில்லை, ஆனால் 'நிலையான' விலை போய்விட்டது.

யூ-சேவ் பற்றிப் பயம் வேண்டாம். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அது உங்கள் எஸ்பி கணக்கில்தான் சேரும்.

மேசை போடுபவருக்குப் பெரும்பாலும் கையெழுத்துக்கு இத்தனை என்று தரகு. உங்கள் பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். குளிர்பதனப்பெட்டி போன்றவை வாங்கத் தரும் 400 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டை "நானே எடுத்துத் தருகிறேன்" என்று உங்கள் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு) கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். அதை வீட்டில் உட்கார்ந்து நீங்களே எடுக்கலாம்.

சரி, அண்ணன் கடை. இங்கேதான் நான் சொன்னது கொஞ்சம் மாறும். கடைக்கு யூ-சேவ் கிடையாது. வணிக ஒப்பந்தங்கள் சிலவற்றில் கரிம வரி விலைக்குள் இருக்காது, "அரசாங்க வரி மாற்றம் வாடிக்கையாளரைச் சேரும்" என்று ஓரமாக ஒரு வாக்கியம் இருக்கும். அப்படியென்றால் நிலையான விலை என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட பிறகும் வரி ஏற ஏறக் கட்டணம் ஏறும். உறைபெட்டியும் குளிர்பெட்டியும் இரவு பகலாக ஓடுகிற மளிகைக் கடையில் மாதம் 3,000 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 0.8 காசே 24 வெள்ளி. இன்னொன்று, விலை மின்சார மொத்தச் சந்தையோடு சேர்ந்து ஓடும் திட்டமா என்று கேட்க வேண்டும். அந்தச் சந்தையில் விலை அரை மணிக்கொரு முறை மாறும். 2021ல் அது எகிறியபோது இப்படிப்பட்ட திட்டத்தில் இருந்தவர்கள் நேரடியாக அடி வாங்கினார்கள். அதனால் வீட்டு ஒப்பந்தமும் கடை ஒப்பந்தமும் ஒரே தாளில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் ஒப்பீட்டுப் பக்கத்தில் விலையைப் பாருங்கள். அப்புறம் அந்த நிறுவனத்திடமிருந்து திட்டத்தின் முக்கிய விதிகளைச் சொல்லும் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். விலகல் அபராதம் எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்ததும் தானாக என்ன விலைக்குப் போகும், விலையில் கரிம வரி அடக்கமா: இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரட்டும்.