சோபா சுவரை ஒட்டி, ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு: சரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். டிவி ஒரு குறுகிய சுவரில். எதிர்ச்சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா. வலது பக்கம் முழுக்க பால்கனியின் கண்ணாடிக் கதவு. முன் ஸ்பீக்கர் இரண்டு, சென்டர், சப்வூஃபர், 7 சேனல் ரிசீவர் எல்லாம் இருக்கின்றன. சரவுண்ட் மட்டும்தான் பாக்கி. கடைக்காரர் “7.1 ஆகவே போட்டுவிடுங்கள்” என்கிறார். எதை வாங்கி எங்கே மாட்டுவது?

பதில்: 7.1 வேண்டாம். அதில் பக்கவாட்டில் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு என நான்கு சரவுண்ட் வரும். பின்னால் இருப்பவை தலைக்கு மூன்று நான்கு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்கள் சோபாவுக்குப் பின்னால் உள்ளங்கை நுழையத்தான் இடம். அங்கே மாட்டினால் யாரோ பிடரியில் வந்து பேசுவதுபோல் இருக்கும். உங்களுக்கு இரண்டு சரவுண்ட் போதும், அதாவது 5.1. ரிசீவரில் 7 சேனல் இருக்கிறதே என்பதற்காக ஏழையும் நிரப்ப வேண்டியதில்லை. என்றைக்காவது ஃபால்ஸ் சீலிங் போட்டால், மீதி இரண்டையும் அட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி முறை) மேலே கொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இடம். சரவுண்ட் என்றதும் எல்லாரும் அறையின் மூலைகளைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நீங்கள் உட்காரும் இடத்தை. டிவியின் நடுவை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், இரண்டு சரவுண்டும் இருபுறமும் 100 முதல் 120 டிகிரிக்குள் வர வேண்டும். அதாவது காதுக்கு நேர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால். இடப்பக்கச் சுவரில் ஒன்றை மாட்டிவிடலாம். கண்ணாடிக் கதவில் மற்றதை எங்கே மாட்டுவீர்கள்? அதனால் பக்கச் சுவர்களை மறந்துவிட்டு இரண்டையும் பின்சுவருக்கே கொண்டுபோங்கள்.

அதற்கு முன் சோபாவை ஒரே ஒரு அடி முன்னால் இழுங்கள். பின்னால் துடைப்பம் போய்வரவும் வசதி. சாய்ந்து உட்கார்ந்தால் காது பின்சுவரிலிருந்து சுமார் 2 அடியில் இருக்கும். மூலையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி ஸ்பீக்கரை மாட்டினால், நடு இருக்கையிலிருந்து பக்கவாட்டில் நாலரை அடி, பின்னால் 2 அடி. கோணம் 114 டிகிரி வருகிறது, கச்சிதம். இன்னொரு லாபமும் உண்டு: சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் வீங்கிக் கேட்கும், அந்த ஓரடி அதையும் சற்றுக் குறைக்கும்.

சிக்கல் ஓர இருக்கைகளில்தான். அங்கே உட்காருபவருக்கு ஒரு ஸ்பீக்கர் மிகப் பக்கத்தில் இருக்கும். மற்றது சரியாகக் காதில் விழாது. உயரத்தைத் தரையிலிருந்து 5 அடியாக வையுங்கள். உட்கார்ந்தவரின் காது 3 அடியில் இருக்கும் என்பதால், தலைக்கு மேலாகச் சத்தம் கடந்து போகும். அப்புறம், ஒவ்வொரு ஸ்பீக்கரின் முகத்தையும் எதிர்ப்பக்க ஓர இருக்கையை நோக்கித் திருப்புங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அடக்கமாகவும், தூரத்தில் இருப்பவருக்கு நேராகவும் கேட்கும்.

வாங்குவதில் குழம்ப வேண்டாம். உங்கள் முன் ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி, எந்த வரிசையோ, அதிலேயே 4 அங்குல வூஃபர் உள்ள சிறிய புக்ஷெல்ஃப் ஜோடி போதும். காற்றுத் துளை முன்பக்கம் இருக்க வேண்டும், அல்லது துளையே இல்லாத பெட்டியாக இருக்க வேண்டும். பின்னால் துளை உள்ளதைச் சுவரை ஒட்டி மாட்டினால் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். டைபோல் என்று, முன்னும் பின்னுமாக இரண்டு திசையில் சத்தம் விடும் ஸ்பீக்கர் ஒன்றைக் காட்டுவார்கள். டால்பியின் பழைய முறையான புரோ லாஜிக் காலத்தில் சரவுண்ட் ஒரே சேனல், அதுவும் 7,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பரப்புவதற்கு டைபோல் உதவியது. 1992-இல் தியேட்டருக்கு வந்த டால்பி டிஜிட்டலில் இடம், வலம் இரண்டும் தனித்தனி, முழு வீச்சு. இனி டைபோலுக்குப் பணம் தேவையில்லை.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. இரண்டு பக்கமும் ஒரே நீளம் வேண்டும் என்பது வெறும் நம்பிக்கை. 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் இதை நுழைக்காதீர்கள்.

ஒரு வீட்டில் ‘சரவுண்ட் இருக்கிறதே தெரியவில்லை’ என்று கூப்பிட்டார்கள். கிரில்லைக் கழற்றி, ரிசீவர் பக்கம் வயரை உருவி, ஒரு பென்சில் செல்லின் ப்ளஸை ரிசீவரின் சிவப்பு முனைக்கான வயரிலும் மைனஸை கறுப்புக்கானதிலும் ஒரு கணம் தொட்டேன். இடது வூஃபர் வெளியே துள்ளியது. வலது உள்ளே போனது. வலது ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் வயர் மாறியிருந்தது. நீங்கள் மாட்டி முடித்ததும் இதைச் செய்துபாருங்கள், இரண்டு நிமிட வேலை.

கடைசியாக செட்டிங். ரிசீவரோடு வந்த மைக்கைச் சோபா மெத்தைமேல் வைக்காதீர்கள். ஸ்டாண்டில், காது உயரத்தில் வையுங்கள். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு அளவெடுக்கட்டும். முடிந்ததும் ரிசீவரின் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள்: சரவுண்ட் ‘ஸ்மால்’ என்றும், கிராஸ்ஓவர் (இதற்குக் கீழான பேஸ் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 100 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கட்டும். பிறகு ஓர இருக்கையில் உட்கார்ந்து டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். பக்கத்து ஸ்பீக்கர் இன்னும் உறுத்தினால், ஒலியைக் குறைக்காமல் முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.