‘கு’ எல்லாம் ‘லு’ ஆகாது!

கேள்வி: ரஷ்யாவில் பேசப்படும் உட்மூர்த் மொழியில் நம் ‘கு’ உருபுக்கு ‘லு’ என்று படித்தேன். ‘கு’ வரும் இடமெல்லாம் ‘லு’ போட்டால் தீர்ந்தது, இல்லையா? தமிழுக்கு அது உறவு மொழிதானே?

பதில்: உறவா? திராவிட மொழிகளை ‘சித்திய’க் குடும்பத்தோடு (உட்மூர்த்தின் இன மொழிகளையும் அவர் அதில் அடக்கினார்) சேர்த்துப் பார்த்தவர் கால்டுவெல், அது 1856. மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உட்மூர்த்தின் நெருங்கிய சொந்தம் கோமி. தூரத்துச் சொந்தம் ஃபின்னிஷும் ஹங்கேரியனும்.

கொடுப்பதற்கு உங்கள் கணக்குச் சரி. ‘அனயேலு க்னிகா ஸ்யோதி’ என்றால் ‘என் அம்மாவுக்குப் புத்தகம் கொடுத்தேன்’. அனய் அம்மா, ஏ ‘என்’, அப்புறம் லு. சொல் வரிசையும் நம்முடையதே. ஏதோ ஒரு புத்தகம் என்றால் ‘ஐ’ போன்ற உருபு அங்கும் வராது. (அந்த உகரத்தைக் குற்றியலுகரம்போல் உதடு குவிக்காமல் சொல்லுங்கள்.) ‘அவனுக்கு’, ‘அவளுக்கு’ இரண்டுக்கும் ‘சோலு’ ஒன்றே. ‘எனக்கு’ என்பதோ ‘லு’ இல்லாமல் ‘முனும்’. குளிருக்கும் வயதுக்கும்கூட இது செல்லும்: ‘முனும் தஸ் அரெஸ்’, எனக்குப் பத்து வயது.

ஊருக்குப் போகும்போதுதான் வண்டி தடம் புரளும். இடத்துக்கு ‘லு’ கிடையாது. தனி வேற்றுமை உண்டு. கர் என்றால் நகரம், ‘கரே’ என்றால் நகரத்துக்கு. ‘கர்லு’ என்றால் நகரத்துக்கு எதையோ தானம் கொடுப்பதுபோல் இருக்கும்!

அடுத்த பள்ளம் ‘எனக்கு மகன் இருக்கிறான்’. நமக்கு நான்காம் வேற்றுமை, அவர்களுக்கு ஆறாம் வேற்றுமை: ‘முனம் பியே வஞ்’, என்னுடைய மகன் உண்டு. முனும், முனம்; ஓர் உயிர்தான் வேறுபாடு. ஆனால் ‘முனும் முனோனோ’ என்றால் எனக்குப் போயாக வேண்டும். ‘முனம் முனெமே போதே’ என்றால் எனக்குப் போக ஆசை. கட்டாயத்துக்கு நான்கு, ஆசைக்கு ஆறு. நாம் இரண்டுக்கும் ‘எனக்கு’ என்றே சொல்லிப் பழகியவர்கள், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது இங்கேதான்.

‘இடம்’ என்ற உருபை நம்பியும் இறங்காதீர்கள். ‘அவனிடம் சொல்’, ‘அவனிடம் கேள்’ நமக்கு ஒரே அச்சு. அங்கே சொல்வது ‘சோலு வெரா’. கேட்பதோ ‘சோலெஸ் யுவா’. பதில் அவனிடமிருந்து வர வேண்டியதாயிற்றே, அதனால் நீங்கல் பொருள் தரும் ‘லெஸ்’. ‘சோலு யுவா’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார்.